ஒழுங்காகச் சாப்பிட்டாயா?

எச்.ஐ.வி. தொற்று வராமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. நோய் வந்தபின் சாப்பிடுவதல்ல, வருமுன் சாப்பிடுவது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபைன் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்தது. அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. இந்தியாவில் 2022இல் இதற்கான தேசிய வழிகாட்டு நெறிகள் வந்தன. மருத்துவச் சொல்லாடல் இதைச் சாப்பிடுபவரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒழுங்காகச் சாப்பிட்டாயா? 'ஒழுங்கு' என்ற சொல்லுக்குப் பக்கத்து வீட்டில் 'ஒழுக்கம்' குடியிருக்கிறது. திருநங்கையிடம் கேட்கப்படும்போது முதல் சொல்லின் தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டாவது எட்டிப் பார்க்கிறது.

இந்த மாத்திரையின் பலனை உலகுக்குச் சொன்ன ஐபிரெக்ஸ் ஆய்வு 2010இல் வெளியானது. ஆறு நாடுகள், 2,499 பேர். தொற்று 44 சதவீதம் குறைந்தது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இருந்ததோ ஆண்கள் மட்டும். தம்மைப் பெண் என்று சொன்னதாக அதில் பதிவானவர்கள் 29 பேர். 2015இல் வேறு விதமாகக் கேள்வி கேட்டு அதே தரவை மறுவாசிப்புச் செய்தபோது, திருநங்கை என்று சொன்னவர்களையும் பெண் ஹார்மோன் எடுத்தவர்களையும் சேர்த்து அந்த எண் 339 ஆனது. அவர்களில் மருந்து பெற்ற பிரிவில் தொற்று வந்தது 11 பேருக்கு. வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் 10 பேருக்கு. அப்படியானால் மருந்து பலிக்கவில்லையா? தொற்று தெரியவந்த நேரத்தில் அந்தப் 11 பேரில் ஒருவர் இரத்தத்திலும் மருந்து இல்லை. ஹார்மோன் எடுத்தவர்களிடம் மருந்தின் அளவு இன்னும் குறைவாக இருந்தது. மருந்து தோற்கவில்லை, அது உடலுக்குள் போய்ச் சேரவே இல்லை. யாரை ஆண் என்று எண்ணிக் கணக்கில் வைத்தார்களோ அவரிடம், ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்கவும் தோன்றியிருக்காது.

ராஜபாளையத்துக்கு வருவோம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற ஊர்ப்பக்கம் இது. இங்கே ஒரு திருநங்கை, நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை கேட்டுவிட்டு, இரவு எங்கே தங்குவோம் என்பது தெரியாத வாழ்க்கை. பெட்டிக்குள் ஒரு மருந்து டப்பா. நோய் வந்தவர்களுக்கான கூட்டு மாத்திரையிலும் இதே டெனோஃபோவிர் இருக்கிறது. டப்பாவைப் பார்த்தவர், "என்னடி, உனக்கும் வந்துருச்சா?" என்று கேட்டால் போதும், டப்பா மறுநாள் குப்பைக்குப் போகும். அதோடு ஒரு பயம்: இதைச் சாப்பிட்டால் ஹார்மோன் வேலை செய்யாமல் போய்விடுமோ? வருஷக்கணக்காகப் பாடுபட்டு அடைந்த பெண்மையா, நாளைக்கு வரலாம் என்று சொல்லப்படும் நோயா என்றால் எதை யார் விடுவார்கள்? பாங்காக்கில் நடந்த ஆய்வில் மாத்திரை ஹார்மோனைக் குறைக்கவில்லை என்றே தெரிந்தது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். சித்திரையில் கூவாகம் போய்ப் பல நாள் கழித்துத் திரும்புகிறவருக்கு, கையோடு கொண்டுபோக மாத்திரையும் வேண்டும்.

சொல்லப்பட வேண்டியவை வேறு சிலவும் உண்டு. ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் சாப்பிட்டுத் தொடரலாம். பல நாள் விட்டுப்போனால் பரிசோதனை செய்துகொண்டு திரும்பத் தொடங்கலாம். குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை. உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் சாப்பிடுகிற முறையை, ஹார்மோன் எடுப்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அவர்களுக்குத் தினசரி முறைதான். கிரந்தி முதலான நோய்களை மாத்திரை தடுக்காது, ஆணுறை வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற லெனகாபவிர் ஊசியின் பலன் 2024இல் நிரூபணமானது; திருநங்கைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள். டப்பாவை ஒளிக்கும் தொல்லை அதனால் தீரும். ஆனால் ஊசிக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2008இல் நல வாரியம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. இவ்வளவுக்குப் பிறகும் சீட்டு எழுதுமிடத்தில், அவர் விட்டுவந்த ஆண்பெயரை நாலுபேர் கேட்கக் கூப்பிட்டால், அடுத்த ஆறாம் மாதம் அவர் வரமாட்டார். பதிவேட்டில் அன்றைக்கும் 'ஒழுங்காக வரவில்லை' என்று அவர் பேரில்தான் எழுதுவோம்.