சால்மொனெல்லா சோதனை: முடிவு வர ஏன் ஐந்து நாள்?

கல்யாணச் சாப்பாட்டிலோ கோயில் திருவிழாவிலோ சாப்பிட்ட பத்து இருபது பேருக்கு மறுநாள் ஒன்றாக வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று வந்தால் சுகாதார இலாகாவுக்குத் தகவல் போகும். அவர்களும் வந்து மிச்சச் சாப்பாட்டை எடுத்துப் போவார்கள். அப்புறம் நம்மவர்கள் தினமும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னங்க டிரசரய்யா, ரிசல்ட் இன்னும் வரலியா? ரத்தம் எடுத்தா ஒரு மணி நேரத்துல சொல்றாங்க, சோத்துக்கு மட்டும் என்ன அஞ்சு நாளு?"

நியாயமான கேள்வி. சால்மொனெல்லா என்ற கிருமியை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். பெயரைக் கேட்டு சால்மன் மீனில் வருவது என்று நினைக்கிறார்கள். மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வந்தது. நமக்கு அது பெரும்பாலும் கோழி, முட்டை, சரியாக வேகாத இறைச்சி, பச்சைக் கோழி வெட்டிய பலகை வழியாகத்தான் வருகிறது.

ஒரு சட்டி கோழிக் குழம்பில் இந்தக் கிருமி கொஞ்சமே இருக்கலாம். அதுவும் சூட்டில் பாதி வெந்து, குளிரில் விறைத்து, சோர்ந்து கிடக்கும். நேரே பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே முதலில் அதற்குச் சாப்பாடு போட்டுத் தேற்றவேண்டும். 25 கிராம் உணவை 225 மில்லி சத்து நீரில் கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைப்பார்கள். மறுநாள் மற்றக் கிருமிகளை அடக்கி சால்மொனெல்லாவை மட்டும் வளரவிடும் திரவத்தில் ஒரு நாள். பிறகு தட்டில் பரப்பி இன்னொரு நாள். எக்ஸ்.எல்.டி. என்னும் சிவப்புத் தட்டில் நடுவில் கறுத்த புள்ளிகளாக வரும். அப்படி வந்தாலும் அதுதான் என்று உடனே எழுதித் தர முடியாது. வேறு கிருமியும் கறுப்பாக வரும். புள்ளியை எடுத்து மேலும் சோதித்து உறுதி செய்யவேண்டும். "இல்லை" என்று சொல்லவே மூன்று நாளாகும், "இருக்கிறது" என்று சொல்ல ஐந்து நாள்கூட ஆகும். உலகம் ஒப்புக்கொண்ட ஐ.எஸ்.ஓ. 6579 முறை இதுதான்.

துரித முறைகளும் உண்டு. பி.சி.ஆர். என்பதை கோவிட் காலத்தில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கிருமியின் டி.என்.ஏ.யைத் தேடும் அந்த முறை உணவுக்கும் இருக்கிறது. இன்னொன்று கோடு விழும் பட்டைச் சோதனை. ஆனால் இரண்டுக்கும் முன்னால் அந்த ஒரு ராத்திரி வளர்ப்பு வேண்டும். பட்டையில் கோடு விழ ஒரு மில்லியில் பல ஆயிரம் கிருமிகளாவது இருக்கவேண்டும். பி.சி.ஆர். அதைவிடக் கூர்மையானது. ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.யையும் அது காட்டக்கூடும்.

அப்படியானால் எது நல்லது? வேலையைப் பொறுத்தது. தினமும் நூற்றுக்கணக்கான சாமான்களைச் சோதித்து அனுப்பும் உணவுத் தொழிற்சாலைக்கு பி.சி.ஆர். நல்லது. சுத்தமானதை ஓரிரு நாளில் அனுப்பலாம், சந்தேகப்பட்டதை நிறுத்தி வைத்து வளர்ப்பு முறையில் உறுதி செய்யலாம். ஆனால் ஆட்கள் விழுந்து கிடக்கும்போது வளர்ப்பு முறை கட்டாயம் வேண்டும் என்பேன். சால்மொனெல்லாவில் 2,500 வகைக்கு மேல் உண்டு. குழம்பில் இருந்ததும் நோயாளியின் மலத்தில் இருந்ததும் ஒரே வகைதானா என்று பார்க்க உயிருள்ள கிருமி கையில் இருந்தால்தான் வசதி. 2018 நவம்பரில் சிங்கப்பூரில் ஓர் உணவகத்தின் பெட்டிச் சாப்பாட்டால் 82 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தும் போனார். அங்கே நோயாளிகளின் மலத்திலும் உணவிலும் இந்தக் கிருமியைக் கண்டதால்தான் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

கேன்டீன் குத்தகைக்காரர் "சோதனை பண்ணிட்டோம், கிருமி இல்லை" என்று ஒரு தாளைக் காட்டினால் நம் கமிட்டியார் கேட்கவேண்டியது: எந்தச் சாப்பாடு, எந்தத் தேதி, எத்தனை மாதிரி, எந்த முறை? மறுநாள் புதிதாகச் சமைத்த சோற்றைச் சோதித்திருந்தால் நேற்றுச் சோற்றுக்கு அது சாட்சியாகாது. மேசையைத் துடைத்துப் பார்க்கும் சுத்தச் சோதனையும் சால்மொனெல்லாச் சோதனையாகாது. ஒரு மாதிரியின் 25 கிராமில் இல்லை என்றால் சட்டி முழுவதிலும் இல்லை என்று அர்த்தமல்ல.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. வயிறு கலக்கியதும் பெண்கள் செய்கிற முதல் காரியம் மிச்சத்தைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் தேய்ப்பது. நல்ல எண்ணந்தான், ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை. சாப்பிட்ட மிச்சத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம், வெந்நீரில் கழுவிய மூடியுள்ள டப்பாவில், யாரும் தொடாமல் ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே உறைய வைக்கவேண்டாம். பெயரும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். இது சாப்பிட்ட 6 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் வரலாம், ஆகவே மூன்று நாள் சாப்பாட்டையும் ஞாபகப்படுத்தி வாருங்கள்.

உணவு நச்சு 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அறிவிக்கவேண்டிய நோய். எங்களைப் போன்றவர்கள் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். அதற்கு நீங்கள் வரவேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவர், ரத்தம் கலந்து போகிறவர் என்றால் ராத்திரியானாலும் காத்திருக்க வேண்டாம். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வாருங்கள். மலம் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் கூச்சப்படாதீர்கள். கடையில் வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் மலத்தில் கிருமி அகப்படாமல் போகலாம். மாதிரி கொடுத்த பிறகு என்ன மருந்து என்று நாங்கள் சொல்கிறோம்.