குரல் அடங்கிய பிறகும் குளிசை

"இவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று ஏசும் பழக்கம் நம்மவரிடம் இன்னும் இருக்கிறது. மனநோய் என்றால் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள அங்கொடை ஆஸ்பத்திரிதான் கதி என்றிருந்த காலத்தின் மிச்சம் அது. 2004 கடற்கோளுக்குப் பிறகு, 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கையோடு நிலைமை மாறத் தொடங்கியது. மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற மருத்துவ அதிகாரிகள் மாவட்டங்களுக்கு வந்தார்கள், கிளினிக்குகள் ஊர்களை நெருங்கின. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு முனையில், வெருகல் ஆற்றுப் பக்கத்தில் வாழும் ஈச்சிலம்பற்று மக்களுக்கு இது சின்ன விசயமல்ல. 2006 சண்டையில் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்து அலைந்தவர்கள் அவர்கள். திருகோணமலை போகும் வழியில் கிண்ணியாவுக்குப் பாலம் வந்ததே 2009இல்தான். அதுவரை பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் துறையைக் கடக்க வேண்டியிருந்தது.

இன்று மருந்து கிடைக்கிறது, அதுவும் அரச ஆஸ்பத்திரியில் இலவசமாக. அதை இடையில் நிறுத்திவிடுவதுதான் இப்போதைய பெரிய சிக்கல். ஏன் நிறுத்துகிறார்கள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

பக்கத்தில் ஆளில்லாமலே குரல் கேட்பது, அயல்வீட்டார் சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறார்கள் என்று எவர் சொன்னாலும் மாறாமல் நம்புவது, பேச்சு கோர்வையில்லாமல் போவது. இந்த நிலையை டொக்டர்மார் சைக்கோசிஸ் என்கிறார்கள். மனச்சிதைவில் இது வரும். கடும் மனச்சோர்விலும், பிள்ளை பெற்ற சில நாட்களிலும், கஞ்சாவாலும் ஐஸ் போதைப்பொருளாலும் வரலாம். மூளைக்காய்ச்சல்கூட இப்படிக் காட்டும். ஆகவே காய்ச்சலோடு திடீரென்று பிதற்றுபவரை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மனச்சிதைவு மட்டும் உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கில் பத்தாயிரம் பேர் வாழும் ஒரு பிரதேசத்தில் முப்பது பேராவது இருப்பார்கள்.

இழப்புகள் நிறைந்த ஊர் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலில் போன பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டதைக் கேட்ட தாய்க்கு விசர் இல்லை. துக்கத்தில் அப்படிக் கேட்கும். வெருகல் வேலாயுதர் சன்னிதியில் உருவேறி ஆடி, பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு சமைக்கும் பெண்ணுக்கும் நோய் இல்லை. வேலை, உறக்கம், சாப்பாடு, குளிப்பு எல்லாம் வாரக்கணக்கில் குலைந்துபோனால்தான் யோசிக்க வேண்டும்.

மருந்து என்ன செய்கிறது? மூளையில் டோபமின் என்றொரு இரசாயனம் இருக்கிறது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளை தீர்மானிப்பதில் அதற்குப் பங்குண்டு. அது மிஞ்சிப்போனால் தெருவில் யாரோ இருமுவதும் எனக்கான சைகையாகத் தோன்றும். மருந்துகள் பெரும்பாலும் டோபமின் போய் ஒட்டும் இடங்களை மறிக்கின்றன. 1952இல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசினைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது என்பார்கள். ஆனால் 1931இலேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் நம் பக்கத்து மூலிகையான சர்ப்பகந்தாவை மனநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதியிருந்தார்கள். அதிலிருந்து எடுத்த ரிசர்பின் 1950களில் உலகெங்கும் பாவனைக்கு வந்தது. இரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கியதாலும் மனச்சோர்வு பற்றிய பயத்தாலும் பிறகு ஒதுங்கியது.

கிளினிக்கில் இப்போது கேட்கும் பெயர்கள் ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், ஹலோபெரிடோல். குளிசை தொடங்கிய சில நாட்களில் உறக்கம் வரும், பதற்றம் தணியும். குரல் அடங்க நாலு முதல் ஆறு வாரம் எடுக்கலாம். ஒரு கிழமை கொடுத்துவிட்டு "மருந்து பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டுவது அவசரம். தினமும் குளிசை எடுப்பது கஷ்டமென்றால் இரண்டு, நாலு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு இதுவே தோது என்பது என் எண்ணம்.

முதல் நாட்களில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகி, நாக்கு தடிக்கும். வீட்டார் பயந்து, "பேய்தான், மருந்தில் கோபித்துவிட்டது" என்று கட்டாடியிடம் ஓடுவார்கள். இது ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளின் பக்கவிளைவு. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்திலேயே விட்டுவிடும். கால் ஓரிடத்தில் நிற்காமல் உள்ளே அரிப்பது போன்ற தவிப்பும் வரலாம். நோயாளி நடந்துகொண்டே இருந்தால் நோய் கூடிவிட்டதென்று நினைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். ஒலன்சபினில் உடம்பு பெருக்கும், சீனி கூடும். சில மருந்துகளில் மாதவிடாய் தள்ளிப்போகும், ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் குறை வரும். இதைச் சொல்ல வெட்கப்பட்டே பலர் குளிசையை எறிந்துவிடுகிறார்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், வழி உண்டு.

இரண்டு மருந்துகளை உரிய அளவில் உரிய காலம் கொடுத்தும் கேட்காவிட்டால் குளோசபின். நல்ல மருந்து, ஆனால் வெண்குருதிக் கலங்களைக் குறைக்கக்கூடியது. எனவே முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் சோதிக்க வேண்டும். கூலிவேலை செய்பவருக்கு இது வாரத்தில் ஒரு நாட் சம்பளம். அதைக் கணக்கில் எடுக்காமல் "ஏன் வரவில்லை" என்று கேட்பது நியாயமில்லை. குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றே போக வேண்டும், மலச்சிக்கலையும் அசட்டை செய்யக் கூடாது. சிகரெட்டை நிறுத்தினால் உடம்பில் மருந்தின் அளவு ஏறிவிடும். நல்ல காரியம்தான், ஆனால் முன்பே டொக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சுகமாகிவிட்டது என்று நிறுத்தினால்? 2012இல் லான்செட் இதழில் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் நோய் திரும்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100க்கு 27 பேருக்கு, நிறுத்தியவர்களில் 64 பேருக்கு. நிறுத்திய மறுநாளே குரல் திரும்புவது அபூர்வம். மாதங்கள் கழித்து வருவதால் காரணம் மருந்தை விட்டது என்று எவருக்கும் தோன்றுவதில்லை. முதல் தடவை வந்தவருக்கும் குணமான பின் ஓரிரு வருடமாவது மருந்து தேவை. குறைப்பதென்றால் டொக்டரோடு சேர்ந்து, படிப்படியாக.

மருந்து மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். நான்ஸி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கையில் மனச்சிதைவு நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1979இல் எழுதினார். மேற்கு நாட்டவரைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். வீட்டார் ஒதுக்காமல் திரும்பச் சேர்த்துக்கொண்டதை அவர் காரணமாகக் கண்டார். கட்டிவைப்பது இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டு ஏர்வாடி தர்காவை அண்டியிருந்த மனநோய் விடுதியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, குணமாகட்டும் என்று கொண்டுவந்து சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். கோயில் நேர்த்தியை விடச் சொல்லவில்லை. குளிசையும் அதோடு நடக்கட்டும். தேத்தண்ணியில் கலந்து களவாகக் கொடுப்பதை மட்டும் தவிருங்கள். பிடிபட்டால், நஞ்சு வைக்கிறார்கள் என்ற பயம் நிசமாகிவிடும்.

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், ஆலோசனைக்கு 1926. அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு மிச்சக் குளிசைகளையும் கொண்டுபோங்கள், எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.