தொகைச் சொற்களும் அசைப் பிரிப்பும்

"இந்துக் கல்லூரி", "விழா மலர்" என்னும் இரு தொடர்களும் இம்மலரைக் கையிலெடுக்கும் எவர்க்கும் பழகியவை. முன்னதில் இரு சொற்களுக்கும் இடையே ஒரு ககர மெய் தோன்றியது. பின்னதில் ஒன்றும் தோன்றவில்லை. இதன் காரணத்தைத் தமிழ் வகுப்பிலே கற்றுப் பின்னர் மறந்த பழைய மாணவர் பலராதல் கூடும். அதனை நினைவூட்டுதலும், இன்று கற்போர்க்கு அதன் பயனைக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

இரண்டு அல்லது பல சொற்கள், தம்மிடையே நிற்கவேண்டிய உருபு முதலியன மறைந்து, ஒரு சொற்போல நடப்பது தொகை எனப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதனை வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி என அறுவகையாகப் பகுத்தார். கொழுந்துக்கூடை என்பது கொழுந்தை இடும் கூடை, இது வேற்றுமைத்தொகை. குடிநீர் வினைத்தொகை. வெற்றிலைபாக்கு என்பது வெற்றிலையும் பாக்கும் என விரிதலின் உம்மைத்தொகை. மறைந்து நிற்பதை விரித்துணர்தல் படிப்போன் கடன்.

சொற்கள் புணருமிடத்து நிகழும் மாற்றங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. நம் மாவட்டத்துப் பெயர்களைக்கொண்டே இவற்றைக் காணலாம். தே, இலை என்பன புணருங்கால் இடையே யகரம் தோன்றித் தேயிலை ஆயிற்று. அதனோடு தோட்டம் சேரத் தகரமும் மிக்குத் தேயிலைத்தோட்டம் ஆயிற்று. நாலந்தாவிலுள்ள கெடிகே போலக் கல்லாற் கட்டிய கோயிலைக் கற்றளி என்பர். கல், தளி என்னும் இரண்டிலும் எழுத்துத் திரிந்தது. தென்னை என்பதன் ஈறு கெட்டு, அம் என்னும் சாரியை இடையே வந்து, தென்னந்தோட்டம் பிறந்தது. மிகுவன க, ச, த, ப என்னும் வல்லெழுத்துக்களே. விழா மலரில் வருமொழி முதலில் மெல்லெழுத்து நிற்றலின் அங்கே ஒற்று மிகவில்லை.

ஓர் ஒற்றுத்தானே என்று இதனை இகழ்தல் தகாது. கீரைக்கடை என்பது கீரை விற்குமிடம். கீரை கடை என்பதோ சமையலறையில் இடும் ஏவல். தந்தப் பலகை யானைத் தந்தத்தால் ஆனது. தந்த பலகை ஒருவர் கொடுத்தது. நடுகல் வீரனுக்கு நட்ட கல். நடுக்கல் நடுவிலுள்ள கல்.

இவ்வருமை தமிழுக்கு மட்டும் உரியதன்று. நோர்வே மொழியிலும் தொகைச் சொற்கள் மிகப் பல. பார்ன் என்பது குழந்தை. ஹாகெ என்பது தோட்டம். இடையே எகரம் ஒன்று நம் சாரியை போல வந்து பார்னெஹாகெ என்றாகிப் பாலர் பள்ளியைக் குறிக்கும். ரொய்க்பிரித் எனச் சேர்த்தெழுதினால் புகைத்தல் இல்லாதது என்பது பொருள். ரொய்க் பிரித் எனப் பிரித்தெழுதினால் "தாராளமாகப் புகைபிடி" என்றாகிவிடும்! நாம் ஓர் ஒற்றினால் காட்டும் வேறுபாட்டை அவர்கள் இடைவெளியினால் காட்டுகின்றனர்.

இனி, அசைப் பிரிப்பு. நோர்வே மொழியில் வரியின் இறுதியில் தொகைச்சொல்லை முறிக்க நேர்ந்தால் சொற்கள் பொருந்திய இடத்திலேயே முறிப்பது சிறப்பு. பார்னெ ஒரு வரியிலும், ஹாகெ மறுவரியிலும் நிற்கும். தமிழ் யாப்போ சொல்லெல்லையைப் பாராமல் ஓசையையே பார்க்கும். மாத்தளையில் கோயில்கொண்ட அன்னையின் திருநாமம் முத்து, மாரி, அம்மன் என்னும் மூன்று சொற்களால் ஆனது. அதனை அலகிட்டால் முத் / துமா / ரியம் / மன் என நேர், நிரை, நிரை, நேர் ஆகிய நான்கசை வரும். துமா என்னும் அசை முதலிரு சொற்களையும், ரியம் என்னும் அசை பின்னிரு சொற்களையும் தைத்து நிற்றல் காண்க. ஆகவே, பொருளறியச் சொற்பிரிப்பும், ஓசையறிய அசைப்பிரிப்பும் வேண்டும்; ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் மாணவன் இரண்டிலும் தவறுவான்.

இறுதியாக, நம்மவரைச் சுட்டும் ஒரு தொகையைக் கூறி முடிப்பேன். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு முதலாகத் தோட்டத் தமிழர் "இந்தியத் தமிழர்" எனத் தனியே கணிக்கப்பட்டனர். இதனை "இந்தியாவிலிருந்து வந்தோர் வழித்தோன்றிய தமிழர்" என்று விரித்தால் அது வரலாறு. "இந்தியாவுக்கே உரிய தமிழர்" என்று விரித்தால் இந்நாட்டில் அவர்க்கு இடமில்லை என்றாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அதனை ஆக்கியது அரசியலேயன்றி இலக்கணமன்று. ஆயினும் அவர்களை அந்நியராகக் கண்டோர் அப்பெயரை இரண்டாம் விதமாகவே விரித்தனர். எஞ்சியிருந்தோர் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. "மலையகத் தமிழர்" என்னும் தொகையோ "மலையகத்தில் வாழும் தமிழர்" என ஏழாம் வேற்றுமையில் விரிந்து, வாழும் இடத்தையே உரிமையாகக் காட்டுகின்றது. 2023ஆம் ஆண்டில், முன்னோர் வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தோர் தாங்கிய பெயரும் அதுவே.

இளம் மாணவர்காள்! தொகையைக் கண்டால் விரித்துப் பாருங்கள். உங்கள் பெயரைப் பிறர் விரிக்குமுன் நீங்களே செம்மையாக விரித்துச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.