நுரையீரல் அழுத்த நோய்க்கு டடலாஃபில்: தயக்கம் வேண்டாம்

நுரையீரல் தமனி உயர் இரத்த அழுத்தம் உள்ள ஒரு தாய்க்கு நாங்கள் டடலாஃபில் மாத்திரை எழுதித் தருகிறோம். மருந்துக் கடைக்குச் சென்று திரும்பும் மகன், "டாக்டர், இது ஆண்களுக்கான மாத்திரை என்கிறார்களே, அம்மாவுக்கு எதற்கு?" என்று கூச்சத்துடன் கேட்கிறார். சிலர் கேட்பதும் இல்லை. எங்களிடம் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். மூச்சுத் திணறல் முற்றி மீண்டும் வரும்போதுதான் அது எங்களுக்குத் தெரியவருகிறது. ஆகவே இம்மருந்தைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறோம்.

பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம், அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட பொருளாகும். இரண்டு அமினோ அமிலங்கள் மட்டும் இணைந்தால் அது இருபெப்டைடு. அதன் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து வளையமானால், அதனை வளைய இருபெப்டைடு என்கிறோம். காபிக் கொட்டையை வறுக்கும்போதும் இத்தகைய வளையங்கள் தோன்றுகின்றன. காபியின் கசப்பில் அவற்றுக்கும் பங்குண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1901-ஆம் ஆண்டில், கிளைசின் என்னும் அமினோ அமிலத்தாலான இவ்வளையத்தைத் திறந்தே இருபெப்டைடு ஒன்றை உருவாக்கினார்.

திறந்த முனைகளை உடைய பெப்டைடுகளைக் குடலிலுள்ள நொதிகள் எளிதில் வெட்டிவிடும். வளையத்துக்குத் திறந்த முனை இல்லாததால் அது எளிதில் சிதைவதில்லை. மருந்து ஆய்வாளர்கள் இவ்வமைப்பை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டடலாஃபில் மூலக்கூறின் ஒரு பகுதி இத்தகைய வளையமே. நம் உடலின் புரதங்களில் உள்ள டிரிப்டோபேனுக்குக் கண்ணாடிப் பிம்பம் போன்ற வடிவத்திலிருந்து அதன் தயாரிப்பு தொடங்குகிறது. அதனுடன் பைப்பரோனல் என்னும் நறுமணப் பொருளை முதலில் இணைக்கின்றனர். அடுத்து குளோரோஅசிட்டைல் குளோரைடைச் சேர்க்கின்றனர். இறுதியில் மெத்தில் அமீன் சேரும்போது வளையம் மூடுகிறது.

இந்நோயில், இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் குறுகிவிடுகின்றன. அவற்றைத் தளர்த்தும் இயற்கைப் பொருளை ஒரு நொதி சிதைக்கிறது. அந்நொதியை டடலாஃபில் தடுக்கிறது. குழாய்கள் தளர, இதயத்தின் சுமை குறைகிறது. அதே நொதி ஆணுறுப்பின் இரத்தக் குழாய்களிலும் இருப்பதால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டில் ஆண்மைக் குறைபாட்டுக்கு இம்மருந்து முதலில் ஒப்புதல் பெற்றது. நுரையீரல் நோய்க்கு 2009-ஆம் ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. இந்நோயில் ஆண், பெண் இருபாலருக்கும் இது பொதுவான மருந்தே.

மூன்று செய்திகளை மட்டும் மறவாதீர்கள். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உள்ளிட்ட நைட்ரேட் மருந்துகளை இதனுடன் சேர்த்துக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். நெஞ்சுவலியுடன் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், டடலாஃபில் உட்கொள்வதைக் கூச்சமின்றி முதலிலேயே சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இம்மருந்தின் பலனைக் குறைக்கும். அதனைத் தொடங்கும் முன் எங்களிடம் தெரிவியுங்கள்.

ஐயம் எழுந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை அட்டையுடன் எங்களிடம் வாருங்கள்; எத்தனை முறை கேட்டாலும் விளக்கிச் சொல்வோம்.