ஓடும் பெல்ட்டும் 16 ஆம்ப் பிளக்கும்

ஜாகிங் போக வீட்டுக்கு ஒரு ட்ரெட்மில் வாங்கப் போவதாகச் சொல்லிப் பாருங்கள். “அதெல்லாம் ஒரு ஓட்டமா? பெல்ட்தானே ஓடுகிறது, நாம் காலைத் தூக்கி வைத்தால் போதாதா?” என்று யாராவது கேட்டே தீருவார்கள்.

இந்தச் சந்தேகத்துக்கு கலிலியோ 1632-லேயே பதில் எழுதிவிட்டார். சீரான வேகத்தில் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் நின்று எந்தப் பக்கம் குதித்தாலும் ஒரே தூரம்தான் போவோம். கப்பல் நகர்கிறதா, நிற்கிறதா என்பதை அந்தக் குதியலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்றார் அவர். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் பெல்ட் சீராக நகரும்வரை உங்கள் பாதத்துக்கு அதுவே தரை. சாலையில் எவ்வளவு உந்த வேண்டுமோ, இங்கும் அவ்வளவே. சொல்லப்போனால், சென்னைக் கடற்கரைச் சாலையே பூமியின் சுழற்சியில் மணிக்குச் சுமார் 1,600 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால் ஓட்டம் சுலபமாகிவிட்டது என்று அங்கே ஓடுகிற யாரும் சொல்வதில்லை.

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. வெளியே ஓடும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். வீட்டில் அந்த வேலை இல்லை. 1996-இல் ஜோன்ஸ், டௌஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஓட்டக்காரர்களின் ஆக்ஸிஜன் செலவை அளந்து, வேகமாக ஓடுவோர் 1 சதவீதச் சரிவு வைத்தால் கணக்கு நேராகிவிடும் என்றார்கள். ஜாகிங் வேகத்துக்கு அதுகூடத் தேவையில்லை. ஆனால் காற்று இல்லாததற்கு வேறொரு விலை உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் 8 கி.மீ. வேகத்தில் ஓடும்போது உடல் ஏறத்தாழ 650 வாட் ஆற்றலைச் செலவிடுகிறது. சமதளத்தில் அது கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். அசையாத காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. கடலோர ஊர்க்காரர்கள் ட்ரெட்மில்லோடு ஒரு பெடஸ்டல் ஃபேனுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

கலிலியோவின் நிபந்தனை ‘சீரான வேகம்’ அல்லவா? மலிவான இயந்திரம் தடுமாறுவது அங்கேதான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேலான விசை பெல்ட்டை அடிப்பலகையோடு அழுத்துகிறது. அந்த நொடியில் உராய்வு கூடி, பெல்ட் வேகம் குறையப் பார்க்கும். மோட்டார் உடனே ஈடுகொடுக்க வேண்டும். வலுவில்லாத மோட்டாரில் அடிக்கு அடி பெல்ட் தயங்குவதைக் கால் உணர்ந்துவிடும்.

அதனால் குதிரைத்திறனைப் பார்த்து வாங்கலாம் என்றால், ஸ்டிக்கரில் ‘பீக் 5 ஹெச்.பி.’ என்று போட்டிருப்பார்கள். ஒரு ஹெச்.பி. 746 வாட், ஐந்துக்கு 3,730 வாட். நம் வீட்டு 16 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் தரக்கூடியதே 3,680 வாட்தான்! பிளக் தராத சக்தியை மோட்டார் எங்கிருந்து எடுக்கும்? பீக் என்பது கண நேரத்து எண். விற்பனைக்கு உதவும், ஓட்டத்துக்கு உதவாது. ‘கன்டினியூவஸ்’ எண்ணைக் கேளுங்கள். ஜாகிங்குக்கு 2.5 இருந்தால் நிம்மதி.

வேடிக்கை என்னவென்றால், சரிவைக் கூட்டினால் உங்களுக்கு மூச்சு வாங்கும், மோட்டாருக்கோ சுமை குறையும். சரிவில் உங்கள் எடையே பெல்ட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. 10 சதவீதச் சரிவில் நம் 70 கிலோக்காரர் அதே 8 கி.மீ. வேகத்தில் பெல்ட்டுக்குத் தரும் உதவி 150 வாட். மோட்டாரை உண்மையில் வாட்டுவது, கனத்த உடம்போடு சமதளத்தில் மெதுவாக நடப்பதுதான். பெல்ட்டுக்கு அடியில் எண்ணெய் காய்ந்திருந்தால் இன்னும் மோசம். சிலிகான் எண்ணெய் மட்டுமே விடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தையல் மிஷின் எண்ணெயை ஊற்றாதீர்கள்.

பெல்ட்டின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. 8 கி.மீ. வேகத்தில் பாதம் பெல்ட்டைத் தொட்டிருக்கும் நேரம் சுமார் 0.3 நொடி, அதற்குள் பெல்ட் 67 செ.மீ. நகர்ந்துவிடும். பாதத்தின் நீளம், ஓடுகையில் முன்னும் பின்னுமாக விலகும் தூரம் இவற்றையும் சேர்த்தால் 120 செ.மீ. வேண்டும். உயரமானவர்களும் வேகமாக ஓடுபவர்களும் 140 பார்க்கலாம்.

2007-இல் சுனிதா வில்லியம்ஸ் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ட்ரெட்மில்லிலேயே பாஸ்டன் மராத்தான் தூரத்தை ஓடி முடித்தார். மிதந்து போகாமலிருக்க அவரை மீள்பட்டைகளால் கீழே இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஓட்டத்தின் அதிர்வு நிலையத்தை உலுக்காதபடி அந்த இயந்திரத்துக்குத் தனி அமைப்பே இருந்தது. அடுக்குமாடியில் உங்களுக்குக் கீழே குடியிருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். கூடத்தின் நடுவில் வைக்காமல் பீம் ஓரமாக வையுங்கள். தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றாத இடமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில், ஓடி முடித்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி எட்டாத இடத்தில் வையுங்கள். அமெரிக்காவில் 2021-இல் ஒரு குழந்தை இறந்த பிறகு பெலோட்டான் நிறுவனம் தன் ட்ரெட் பிளஸ் இயந்திரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது.

கடைக்கு ஷூவோடு போங்கள். வீட்டில் ஓடப்போகும் அதே வேகத்தில், கைப்பிடியைப் பிடிக்காமல், பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். காலுக்கடியில் பெல்ட் தயங்கினால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த இயந்திரம் வேண்டாம்.