அழகரின் பச்சைப்பட்டு பிளக்ஸில் ஏன் வாடுகிறது?

மேலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போட்டவர். பச்சைப்பட்டு உடுத்தித் தங்கக்குதிரையில் வைகையில் இறங்கும் கள்ளழகரை 10க்கு 8 பிளக்ஸில் அடிக்கக் கொடுத்திருக்கிறார். கைப்பேசியில் தளிராய் மின்னிய பட்டு, பிளக்ஸில் பாசி பிடித்த குளத்து நிறத்தில் வந்திருக்கிறது. மடிப்புகளையும் காணோம். அழகர் என்ன நிறப் பட்டில் வருவாரென்று ஊரே காத்திருந்து, பச்சை என்றால் அந்த வருஷம் செழிக்கும் என்று மகிழ்கிற மண்ணில் இது சின்ன வருத்தமா?

திரையில் பச்சை நேரடியாகவே ஒளிர்கிறது. பிளக்ஸ் கடைகளில் பெரும்பாலும் ஓடும் இயந்திரங்களில் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நான்கே மைகள். சயானும் மஞ்சளும் கலந்துதான் பச்சை பிறக்க வேண்டும். இரண்டுமே வெளிச்சத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். திரையின் பளீர்ப் பச்சை அந்த மைகளுக்கு எட்டாது. மையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் கூட்டுவார்கள். அளவு மீறிய மை காயாது, சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

எட்டாத நிறத்தை என்ன செய்வது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அச்சு மென்பொருளில் ‘ரெண்டரிங் இன்டென்ட்’ என்றொரு தேர்வு உண்டு. மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையத்துக்குப் பல வருஷம் டவுன் பஸ்ஸில் போனவன் நான். கூட்டம் ஏறினால், உள்ளே இருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நெருங்கி எல்லோருக்கும் இடம் விடுவார்கள். சில நாள் உள்ளே ஒருவரும் அசைய மாட்டார்கள். ஏறியவர்கள் அத்தனை பேரும் படிக்கட்டில் ஒரே கொத்தாகத் தொங்குவோம். நெருங்கி இடம் விடுவது ‘பெர்செப்சுவல்’. எல்லா நிறமும் சற்று மங்கும், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் பிழைக்கும். படிக்கட்டில் தொங்குவது ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’. எட்டும் நிறங்கள் அப்படியே நிற்க, எட்டாதவை எல்லையில் வந்து குவியும். பட்டின் மடிப்பு என்பதே பத்துப் பதினைந்து பச்சைகளின் ஏற்ற இறக்கம்தானே! அவையெல்லாம் ஒரே பச்சையாகிவிட்டால் பட்டு, சுவரில் அடித்த பெயின்ட்போல ஆகிவிடும். சாமி படத்துக்கும் புகைப்படத்துக்கும் பெர்செப்சுவல்; கட்சிக்கொடி, கடைச் சின்னம் போன்ற தட்டை நிறங்களுக்கு மற்றது.

மடிப்பு தொலைவது இப்படி என்றால், பாசி நிறத்துக்குப் பெரும்பாலும் காரணம் பொருந்தாத ‘புரொஃபைல்’. குறிப்பிட்ட மை குறிப்பிட்ட பிளக்ஸ் ரோலில் எப்படி உட்காரும் என்று அளந்து வைத்த கணக்கு அது. ரோல் மாறினாலும், மலிவு மை ஊற்றினாலும் அந்தக் கணக்கு செல்லாது. இயந்திரம் வந்த நாளில் ஏற்றியதையே இன்றுவரை ஓட்டும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் துணி பேனர் எழுதிய ஓவியர்கள் ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்து, போதாதென்றால் இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்ப்பார்கள். அந்தப் பழக்கத்தைத் தொலைத்துவிட்டோம். சதுர அடிக்கு எத்தனை ரூபாய் என்று பேரம் பேசுகிற நாம், நிறம் எப்படி வரும் என்று கேட்பதில்லை. பிழையாக அடித்த பிளக்ஸ் மக்கவும் மக்காது.

மேலூர் நண்பரே, அடுத்த சித்திரைக்கு முழுப்படம் அடிக்கும் முன், பட்டுப் பகுதியை மட்டும் ஓர் அடி அளவில், அதே ரோலில், இரண்டு தேர்விலும் அடித்துத் தரச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்டால் கொடுங்கள். கடையின் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், தெருவுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள்.