ஒன்பது இரவுகளுக்கு அப்பால்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அரங்கின் அளவு கூறும் அடிகளைப் பெரும்பாலும் விரைந்து கடந்து விடுகின்றனர். பெருவிரல் அளவில் 24 கொண்டது ஒரு கோல் என்றும், அக்கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக மாதவியின் அரங்கு அமைக்கப்பட்டது என்றும் இளங்கோவடிகள் கணக்கிட்டுக் கூறுகின்றார். விரல் ஒன்றை ஓரங்குலம் எனத் தாராளமாகவே கொண்டாலும், அவ்வரங்கு 14 அடி அகலத்தையும் 16 அடி நீளத்தையும் விஞ்சாது. குழலோனும் யாழோனும் தண்ணுமையோனும் துணை நிற்க, சோழ மன்னன் முன்னிலையில் நடந்த அம்மாபெரும் நிகழ்ச்சிக்குரிய மேடை, நமது கிராமப் பாடசாலை வகுப்பறை ஒன்றினும் சிறியது! அவையின் பரப்பை அடிகள் கூறினாரல்லர். ஆயினும், விரலசைவும் விழியசைவும் தெளிவாகப் புலப்பட வேண்டிய கலைக்கு, அவையோர் வெகு தொலைவில் அமர்ந்திருத்தல் இயலாது என்பது ஒருதலை.

நவராத்திரி நெருங்கும் இந்நாளில் இவ்வளவுகளை நினைவுகூர்வது பொருத்தமாகும். இன்னுஞ் சில நாட்களில் நமது ஊர்களிலுள்ள கோயில் மண்டபங்களும், பாடசாலை மண்டபங்களும், வாசிகசாலைகளும், சனசமூக நிலையங்களும் விளக்கேற்றப் பெறும். ஒன்பது இரவுகளிலும் வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் ஒலிக்கும். சுண்டலும் அவலும் பகிரப்படும். பத்தாம் நாள் மண்டபத்தின் கதவு சாத்தப்படும். அடுத்த ஆண்டு புரட்டாதி வரும் வரையில் அங்கே கூட்டங்கள் நடைபெறும். பரிசளிப்பு விழாக்கள் நடைபெறும். இசை மட்டும் ஒலிப்பது அரிது. அந்த ஒன்பது இரவுகளுக்கு அப்பால் நமது இசை எங்கே வாழ்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்க வினாவாகும்.

‘கச்சேரி’ என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு பொருள் உண்டு. அரசாங்க அதிபரின் பணிமனையும் கச்சேரி. பாடகர் அமர்ந்து பாடுவதும் கச்சேரி. முன்னதற்கு, அலுவல் இருந்தாலன்றி ஒருவரும் போவதில்லை. பின்னதற்கும் அவ்வாறே, பாடுபவர் தம் பிள்ளையாகவோ மருமகளாகவோ இருந்தாலன்றிப் போவதில்லை என்னும் நிலை இப்போது வந்து கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலைகள்

கர்நாடக இசையின் வரலாற்றிலே சிற்றரங்கின் பெருமையை உணர்த்துவதற்கு ஓர் இல்லத்தைச் சுட்டினாற் போதும். சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்த வீடே அது. வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் அங்கே அவர் வீணை வாசிப்பார். கூடத்திலே அமரக்கூடியவர் சிலரே. அவருள்ளும் பெரும் பகுதியினர் சங்கீத வித்துவான்களும் தேர்ந்த ரசிகர்களுமாவர். மீட்டுகோல் அணியாது வெறும் விரலாலே தந்தியை மீட்டும் அவ்வம்மையாரின் நாதம் மிக மெல்லியது. மூச்சு விடும் ஓசையும் இடையூறாகும் அமைதியில் இருந்தாலன்றி அதன் நுட்பங்கள் செவிக்கு எட்டா. பிற்காலத்தில் கண்பார்வை மங்கிய போதிலும் அவ்வெள்ளிக்கிழமை மரபு கைவிடப்படவில்லை.

அச்சிறு கூடம் ஈன்ற பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பரதக் கலையின் பேரொளியாகிய பாலசரஸ்வதியும், பதங்களைப் பாடுவதிற் தமக்கு நிகரில்லாத பிருந்தா, முக்தா சகோதரிகளும், புல்லாங்குழல் விசுவநாதனும் அவருடைய பேரப்பிள்ளைகளே. பரம்பரைச் செல்வம் ஒருபுறமிருக்க, வாரந்தோறும் தவறாது நிகழ்ந்த கேள்விப் பயிற்சியும் அக்குடும்பத்தை வளர்த்தது. பெரிய வித்துவான்கள் எதிரே அமர்ந்து கேட்கின்றனர் என்னும் உணர்வே வாசிப்பவருக்குக் கடிவாளமாகவும் ஊக்கமாகவும் அமைந்தது.

ஒலிபெருக்கி அளித்ததும் பறித்ததும்

ஒலிபெருக்கி வருவதற்கு முன் இருந்த பாடகர், கடைசி வரிசை வரை கேட்கும் பொருட்டு உச்ச சுருதியிலே பாட வேண்டியிருந்தது. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் பெற்ற புகழுக்கு அவ்வுயர்ந்த சுருதியும் ஒரு காரணமாம். 1930களில் ஒலிபெருக்கி பரவியதும் இந்நிர்ப்பந்தம் நீங்கியது. மிகத் தாழ்ந்த சுருதியில், அவசரமின்றி இராகத்தை விரித்த எம். டி. இராமநாதன் (1923–1984) போன்றோர் பெரிய சபைகளிற் பாடுவதற்கு அக்கருவி துணை செய்தது. இது நன்மையே.

ஆயினும், எட்டாத இடத்துக்கு ஒலியை எட்டச் செய்ய வந்த கருவி, நாற்பது பேர் அமர்ந்துள்ள மண்டபத்திலும் புகுந்து அதிர்கின்றது. தம்புராவின் சுருதி அதிலே அமிழ்ந்து போகின்றது, மிருதங்கத்தின் தொப்பி வெறும் முழக்கமாகின்றது, வயலின் கூச்சலிடுகின்றது. பாடகர் தமது குரலைத் தாமே கேட்க முடியாது மேலும் உரத்துப் பாடுகின்றார். சிற்றரங்கின் தனிச்சிறப்பு, இயற்கையான நாதம் இடையீடின்றிச் செவியை அடைவது. அச்சிறப்பைக் காசு கொடுத்துக் கெடுத்துக் கொள்வது பேதைமையன்றோ?

நமது நாதஸ்வர மரபு திறந்த வெளிக்குரியது. அதற்குச் சிற்றரங்கு எதற்கு என்று சிலர் வினவலாம். நாதஸ்வரமும் தவிலும் வீதிக்கும் கோயில் முன்றிலுக்கும் உரியன என்பது மெய்யே. ஆனால் நமது ஊர்த் திருவிழாக்களில் மேளச்சமா நடைபெறும் போது, விடயமறிந்த ரசிகர்கள் எங்கே அமர்ந்தனர்? வித்துவானின் கையைக் காணக்கூடிய தூரத்தில், தாளம் போட்டபடி, நள்ளிரவு கடந்தும் சூழ்ந்திருந்தனர். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) தவிலும், அளவெட்டி என். கே. பத்மநாதனின் (1931–2003) நாதஸ்வரமும் இத்தகைய ரசிக வட்டத்தின் நடுவிலேதான் ஒளி பெற்றன. தெட்சணாமூர்த்தியின் ஆற்றலைத் தமிழ்நாட்டு வித்துவான்களும் வியந்தனர் என்றால், அப்புகழில் கணக்குத் தவறாது கேட்ட நமது கிராமத்து ரசிகனுக்கும் ஒரு பங்கு உண்டு. வெளி பரந்ததாயினும் கேட்போர் வட்டம் நெருங்கியதாகவே இருந்தது.

பட்டம் பெற்றோர் எங்கே பாடுவது?

இசைக் கல்விக்கு நம்மிடையே குறைவில்லை. விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து படைத்த ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டிலே அரங்கேறியது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கப் பெற்றது. மகாராஜபுரம் சந்தானம் அதற்கு அதிபராக வந்து பணிபுரிந்தார். 1975இல் அது பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பில், அடிகளாரின் பெயரால் 1982இல் எழுந்த இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக விளங்குகின்றது. பாடசாலைகளில் சங்கீதம் ஒரு பரீட்சைப் பாடம். ஆண்டுதோறும் இளைஞரும் யுவதிகளும் பட்டம் பெற்று வெளிவருகின்றனர்.

அவர்கள் எங்கே பாடுவது? பெற்றோர் பெரும் பணம் செலவிட்டு அரங்கேற்றம் நடத்துகின்றனர். பிரதம விருந்தினர் வருகின்றார்; பொன்னாடை போர்த்தப்படுகின்றது; அழகிய மலர் ஒன்றும் வெளியாகின்றது. அதன் பின்னர்? ஆசிரிய நியமனம் கிடைத்தால், சுரவரிசையும் அலங்காரமும் கற்பிப்பதோடு வாழ்வு அமைகின்றது. அரங்கேற்றம் என்னும் சொல் அரங்கில் ஏறும் முதல் நாளைக் குறிப்பது; நம்மவர் பலருக்கு அதுவே இறுதி நாளாகவும் முடிகின்றது. மேடையில் ஏறி, தவறி, திருத்தி, மீண்டும் ஏறினாலன்றிக் கலைஞர் உருவாகார். அத்தகைய இரண்டாவது கல்லூரியாக அமையத்தக்கது ஊர்ச் சிற்றரங்கு.

நம்மவர்க்கு இசைத் தாகம் இல்லை என்று கூறுவது பழியாகும். 1990ஆம் ஆண்டை அடுத்த ஆண்டுகளில் குடாநாட்டிலே மின்சாரம் இல்லாதிருந்த போது, துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டவர்கள் இவர்கள். இன்று எல்லாப் பாட்டும் கைத்தொலைபேசிக்குள் அடங்கியிருக்கின்றது. தேடாமலே கிடைப்பதனால், நேரிற் சென்று கேட்கும் வழக்கம் தளர்ந்து விட்டது. பதிவு செய்த பாட்டு நூறு முறை கேட்டாலும் மாறாது. கேட்பவரின் தலையசைவு கண்டு அது இன்னொரு சங்கதி போடாது.

தவறாத நியதியே ஓர் அரங்கின் உயிர் என்பதற்கு மேல்நாட்டிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். இலண்டனிலுள்ள விக்மோர் மண்டபம், பெக்ஸ்டைன் என்னும் ஜெர்மானியப் பியானோ நிறுவனத்தாரால் 1901இல் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரின் போது பகைவர் சொத்தெனப் பறிக்கப்பட்டு விற்கப்பட்டது. 1917இல் தான் நிற்கும் வீதியின் பெயரோடு மீண்டும் திறந்தது. ஏறத்தாழ 550 இருக்கைகளே உடைய அம்மண்டபம், சிறு குழு இசைக்கு உலகப் புகழ் பெற்றது. கொள்ளைநோயால் அரங்குகள் மூடப்பட்டிருந்த 2020ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் திகதி, அங்கே ஸ்டீபன் ஹஃப் என்னும் பியானோக் கலைஞர் வெற்று இருக்கைகளின் முன் வாசித்தார். வானொலி அதனை நேரே ஒலிபரப்பியது.

நமக்கு 550 இருக்கைகள் வேண்டியதில்லை. அறுபது கதிரைகள் போதும். மாதத்தில் ஒரு நாளை, முழுமதி நாளாயினும் ஆகுக, மாறாது குறித்துக் கொள்க. ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்படாது நிகழ்ச்சி அமைக. வரவேற்புரை ஒரு நிமிடத்தில் முடிக. ஒலிபெருக்கி ஓய்வு பெறுக. கால் மணி நேரத்தில் ஏழு உருப்படிகளைப் பாடி முடிக்கும் வேகம் சிற்றரங்குக்குத் தேவையில்லை. ஒரு வர்ணம், இரண்டு சிறு கீர்த்தனைகள், ஆற அமர விரிக்கும் ஓர் இராகம், ஈற்றிலே தமிழ்ப் பாடல்கள் என அமைத்தல் நலம். அவற்றுள் நம் நாட்டவர் இயற்றியனவும் இடம்பெறுக. டி. எம். சௌந்தரராஜனின் குரலிற் பரவிய, மயிலைக் கற்பகவல்லி மீதான இராகமாலிகையை இயற்றியவர் இணுவில் வீரமணி ஐயர் என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

நுழைவுக் கட்டணம் சிறிதாயினும் வாங்குதல் வேண்டும். அத்தொகை பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் சேர்தல் வேண்டும். ‘வாய்ப்பளித்தோமே’ என்று கூறி வெறுங்கையோடு அனுப்புவது கலையைப் போற்றுவதாகாது. சங்கீத ஆசிரியர்கள் தத்தம் மாணவருள் ஐவரையேனும் அழைத்து வருக. தமிழாசிரியர்களும் வருக; பதமும் சாகித்தியமும் அவர்களுக்கும் உரிமையுடையன. எதிரே அமர்ந்திருக்கும் பத்துப் பேர் தாளம் பிசகாது கேட்பாராயின், பாடும் இளைஞர் அடுத்த மாதத்துக்காக இன்னும் கடுமையாகச் சாதகம் செய்வர்.

விசயதசமி அன்று குழந்தைகளுக்கு ஏடு தொடக்குவது நமது வழக்கம். ஒன்பது இரவுகளும் இசை கேட்ட மண்டபத்துக்கும் இவ்வாண்டு அன்றே ஏடு தொடக்குவோமாக. அன்று மாலை கதவைச் சாத்துமுன், அடுத்த மாதம் பாடவிருப்பவரின் பெயரையும் திகதியையும் எழுதி, வாசலிலே தொங்கவிட்டுச் செல்வோமாக.